புதுக்கோட்டையை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

புதுக்கோட்டைக்கு வருபவர்கள் பஸ் நிலையத்தில் இறங்கியதுமே, குகை ஓவியம் உள்ள சித்தன்னவாசலுக்கு வண்டி கேட்கிறார்கள். அதை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் 31 வருஷம் தபால் பட்டுவாடா செய்த உரிமையில் சொல்கிறேன், முதலில் ஊரை நடந்து பாருங்கள்.

காலை ஆறரைக்கெல்லாம் கீழ ராஜவீதிக்கு வந்துவிடுங்கள். நடுவில் பழைய அரண்மனை, அதைச் சுற்றி நான்கு ராஜவீதிகள். அடுத்த சுற்று இரண்டாம் வீதி, அப்புறம் மூன்றாம் வீதி. தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, 1974-இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. வீதிக் கணக்கு மட்டும் இன்னும் அரண்மனையிலிருந்துதான். வேலையில் சேர்ந்த முதல் வாரம், மேல மூன்றாம் வீதிக் கடிதத்தைத் தெற்கு மூன்றாம் வீதியில் கொடுத்துவிட்டேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் அது. இரண்டு நாள் கழித்துத்தான் உரியவர் கைக்குப் போனது. இன்றைக்கும் உறுத்துகிறது. விலாசத்தில் எண்ணுக்கு முன் திசையைப் பாருங்கள்.

அங்கிருந்து பல்லவன் குளம். சாந்தநாதசுவாமி கோயில் பக்கம் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். இங்கே வற்றாத ஆறு கிடையாது. தெற்கே வெள்ளாறு இருக்கிறது, மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். பாறையும் செம்மண்ணுமான இந்தப் பூமியில் குளமும் கண்மாயும்தான் ஊரைக் காப்பாற்றின. குளத்துக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அங்கிருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். ஊரின் மேடு பள்ளம் எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும்.

அடுத்து திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், 1910-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று வராதீர்கள். அங்கே அம்மன் காசைத் தேடிப் பாருங்கள். சமஸ்தானத்தின் சொந்தக் காசு அது, சுண்டுவிரல் நகமளவு செம்புக்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் அரிசியோடு இதையும் அரண்மனை தானமாகக் கொடுத்தது. இந்தக் காசின் பெருமை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு, அன்னவாசல் சாலையில் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். சமணத் துறவிகளின் கல்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு வெயில் சாய்ந்த பின் ஏறுங்கள், பாறை நன்றாகச் சுடும். அதுவரை பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலுக்குள் இருக்கலாம். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகட்டும், அப்புறம் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். தாமரைக்குளம் ஒன்று தெரியும். மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதற்குள் இருக்கிறார்கள். காலையில் குளப்படியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு, தண்ணீருக்கு ஏங்கிய இந்த மண்ணில் ஒருவர் பாறையிலும் குளம் வரைந்தது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.