குடி உங்கள் மனசை என்ன செய்கிறது: ஐந்து வாரத்தில் கண்டுபிடிப்பது எப்படி

குடித்த ராத்திரி மனசு லேசாக இருந்ததா என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நேரத்து மனசை வைத்துக் கணக்குப் போட்டால் விடை எப்போதும் குடிக்குச் சாதகமாகவே வரும். மறுநாள் காலை 11 மணிக்கு மனசு எப்படி இருந்தது என்று பாருங்கள். காரணமே தெரியாத படபடப்பு, நேற்று யாரையாவது புண்படுத்திவிட்டோமோ என்ற உறுத்தல், சின்ன விஷயத்துக்கும் பொங்கிவரும் எரிச்சல். இவற்றைப் பலர் வேலையின் மேலோ, குடும்பத்தின் மேலோ, தங்கள் சுபாவத்தின் மேலோ போட்டுவிடுகிறார்கள். எது குடியால் வந்தது, எது உண்மையிலேயே உங்களுடையது என்று பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் ஐந்து வாரமும் வேண்டும்.

திடீரென்று நிறுத்தக் கூடாதவர்கள்

இதைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். இதை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காலையில் எழுந்ததும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கை மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத நடுக்கம்கூடத் தாளின் ஓரத்தில் தெரிந்துவிடும். தாள் ஆடினாலோ, ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் உடம்பு நிலைக்கு வருகிறது என்றாலோ, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ நீங்களாக நிறுத்தாதீர்கள். தாள் ஆடாவிட்டாலும், தினமும் நிறையக் குடிப்பவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சில நாட்களுக்கு மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்த அவர்களுக்குத் தெரியும். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் அது குறைந்துபோயிருக்கும். அந்தக் குறை முற்றினால் நடை தள்ளாடும், கண் அசைவு தாறுமாறாகும், ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடலாம்.

முதலில் அளவு

"ரெண்டு பெக்தான்" என்பது ஓர் அளவே இல்லை. நீங்கள் வழக்கமாக ஊற்றும் டம்ளரில், வழக்கமாக ஊற்றும் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். மனசில் 60 மில்லி என்று இருப்பது அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கக்கூடும். பிறகு இந்தக் கணக்கு: மில்லியைப் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் உள்ளே போகும் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம். 40 சதவீத விஸ்கியோ ரம்மோ 60 மில்லியில் 19 கிராம், 180 மில்லியில் 57 கிராம்.

ஈரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து 57 கிராம் குடித்தால், ரத்தம் தெளிய விடியற்காலை 3 முதல் 5 மணி ஆகும். நாக்கு வறண்டு, நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டு, என்றைக்கோ யாரோ சொன்ன சொல் மனசில் திரும்பத் திரும்பச் சுற்ற, திடீரென்று விழிப்பு வருவது பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான்.

மூளையை அடக்கும் வேலையைக் காபா என்ற ரசாயனமும், கிளப்பும் வேலையைக் குளுட்டமேட்டும் செய்கின்றன. ஆல்கஹால் முதலாவதற்கு வலுவேற்றி, இரண்டாவதை அமுக்குகிறது. அதுதான் ராத்திரி கிடைத்த நிம்மதி. மூளை சும்மா இருக்காது. சமன் செய்யக் கிளப்பும் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆல்கஹால் இறங்கியதும் எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் படபடப்பை அடக்க மறுநாளும் குடித்தால் மூளை இன்னும் கூட்டும். கனவு வரும் தூக்கமும் முன்ராத்திரியில் குறைந்துவிடுகிறது, பின்ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கிய மாதிரியே இல்லை என்பது இதனால்தான்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். குடித்த கிராம், கடைசி மடக்கின் நேரம், எத்தனை முறை விழிப்பு, மறுநாள் 11 மணிக்குப் படபடப்பும் மனவாட்டமும் 0 முதல் 10க்குள் எத்தனை, குடிக்கத் தோன்றியபோது என்ன நிலையில் இருந்தீர்கள் என்று ஒரே ஒரு சொல்: பசி, கோபம், தனிமை, அசதி, சந்தோஷம். ஒவ்வொரு டம்ளரையும் குடிப்பதற்கு முன் குறியுங்கள். போதை ஒரு கட்டத்தைத் தாண்டினால் மூளை நினைவைப் பதியவே செய்யாது. பதியாததை மறுநாள் எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. குடிக்காத நாளுக்கும் வரி வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரிகள்தான் உதவும்.

அடுத்த நான்கு வாரம்: முழுதாக நிறுத்துதல்

குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். குறைப்பது நல்லதுதான், ஆனால் இந்தச் சோதனைக்குச் சரிவராது. பாதி குடித்தால் பாதிப் படபடப்பு இருக்கும். எது எதனால் என்று தெரியாது.

பெரும்பாலும் தவறுவது நிறுத்திய முதல் வாரத்தில்தான். தூக்கம் முன்பைவிட மோசமாகும், எரிச்சல் கூடும். நாலாம் நாள் "குடிக்காமல் இருப்பதால்தான் மனசு கெடுகிறது" என்று முடிவு கட்டி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது மூளை கூட்டி வைத்ததை மெதுவாக இறக்கும் நேரம். அந்த வாரத்து எண்களை எழுதுங்கள், ஆனால் அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குடியால் வந்த மனவாட்டம் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் தானாக இறங்கும். தூக்கம் சீராகச் சிலருக்கு அதைவிட நாளாகும்.

குடிக்கும் ஆசை அலை மாதிரி வரும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடத்தை மாற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பசியோடு இருப்பவருக்கு ஆசையும் பசியும் பிரித்துத் தெரியாது; அதனால் மாலை 6 மணிக்கே சாப்பிட்டுவிடுவது பலருக்கு உதவுகிறது. வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது. நண்பர்கள் கூப்பிட்டால், "இந்த மாசம் நான் தொடுறதில்ல" என்ற ஒரு வரியோடு நிறுத்துங்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாட வருவார்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் கிராமை எழுதிவிட்டு மறுநாள் தொடருங்கள். எல்லாம் போச்சு என்று அந்த வாரம் முழுக்கக் குடிப்பதுதான் உண்மையான நஷ்டம்.

தூக்கம் வரவில்லை என்று யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போடாதீர்கள். குடியோடு சேர்ந்தால் அது மூச்சையே அமுக்கிவிடும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் "இன்னைக்குக் குடிக்கப் போறேன், மாத்திரை வேண்டாம்" என்று விடுவதும் பெரிய தவறு. விட்டு விட்டுச் சாப்பிடும் மருந்து வேலை செய்யாது, திடீரென்று நிறுத்துவதே தனித் தொல்லை. குடிப்பதையும் மாத்திரை விஷயத்தையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து அளவைக் குறைத்துச் சொன்னால் சிகிச்சைதான் தப்பாகும்.

காத்திருக்கக் கூடாத நிலை

சாகலாம் என்ற நினைப்பு வருகிறதென்றால் நோட்டை மூடிவையுங்கள், நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். போதை தயக்கத்தைத் தளர்த்திவிடும். வந்து போயிருக்க வேண்டிய எண்ணம் கை செய்யும் காரியமாகிவிடும். அன்றைக்கு ஒரு சொட்டும் வேண்டாம், தனியாக இருக்கவும் வேண்டாம். நம்பும் ஒருவரிடம் "எனக்குச் சாகத் தோணுது, கூட இரு" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள்.

நோட்டைப் படிப்பது

முதல் வாரத்து 11 மணி எண்களையும் கடைசி வாரத்து எண்களையும் அடுத்தடுத்து எழுதுங்கள். 7 இருந்த இடத்தில் 3 வந்திருந்தால் அந்த நாலு குடியின் பங்கு என்று கொள்ளலாம். எண் இறங்கவே இல்லை என்றால், குடிக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றநோயோ தனியாக இருக்கக்கூடும். அதற்கென்று நல்ல சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரிடம் இந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்கு வாரம் நிறுத்தவே முடியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய குடி. குடிநோய்க்கு ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் பேச்சு வழி சிகிச்சையும் உண்டு. வீட்டாருக்கு ஒரு வார்த்தை: குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். பேச வேண்டியதை ராத்திரி பேசாதீர்கள், காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள்.

ஐந்து வாரம் முடிந்ததும் மறுபடி குடிப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதென்றே முடிவானால், உடம்பு தாங்கும் அளவு இந்த வாரங்களில் குறைந்திருக்கும். பழைய அளவு இப்போது அதிகமாகத் தூக்கிப்போடும். நோட்டை இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்து, மறுநாள் 11 மணிக்கு என்ன எண் வருகிறது என்று எழுதுங்கள்.