இஓஎஸ்-1வி: எண்களாகவே இருக்கும் மெனுவைப் பழகுவது எப்படி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் இஓஎஸ்-1வி ஃபிலிம் கேமரா கைக்கு வந்த முதல் நாள், ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. வேறு லென்ஸ் மாட்டினேன், பேட்டரியை மாற்றினேன், லென்ஸின் தொடுமுனைகளைத் துணியால் துடைத்தேன், அப்போதும் அசையவில்லை, ஆட்டோஃபோகஸ் செத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் தற்செயலாகப் பின்பக்கம் கட்டைவிரல் பட, நட்சத்திரக் குறி போட்ட பொத்தான் அழுந்தியது. லென்ஸ் சட்டென்று சுழன்று ஃபோகஸ் பிடித்தது. கேமராவில் ஒரு பழுதும் இல்லை, முன்பு வைத்திருந்தவர் மெனுவில் ஓர் எண்ணை மாற்றி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இந்தக் கேமரா வெளிவந்தது 2000-ல். 2018 மே மாதம் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தபோதே, ரிப்பேர் சேவை 2025 அக்டோபர் வரைதான் என்றும் கேனான் சொல்லிவிட்டது. ஆகவே இன்று இதை வாங்குகிறவருக்கு, எது பழுது, எது வெறும் செட்டிங் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தே ஆகவேண்டும். தெரியாவிட்டால் நல்ல கேமராவைக் கழற்றக் கொடுத்துவிடுவோம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டிஜிட்டல் கேமராவில் மெனு என்றால் திரையில் வார்த்தைகளாக வரும், படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். 1வி-யில் அது கிடையாது. மேலே இருக்கும் சின்ன எல்சிடியில் இரண்டு எண்கள் மட்டும் தெரியும், முதலாவது எந்த ஃபங்ஷன் என்பது, அடுத்தது அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. கஸ்டம் ஃபங்ஷன், அதாவது கேமரா எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளும் செட்டிங், மொத்தம் 20, எண் 0-லிருந்து 19 வரை. கேனானின் இன்னொரு ஃபிலிம் கேமராவான இஓஎஸ்-3 வைத்திருப்பவர்களுக்கும் 1 முதல் 18 வரை ஏறக்குறைய இதே வரிசைதான், எனவே இந்தக் குறிப்பு அவர்களுக்கும் உதவும். நிக்கானில் எஃப்5, எஃப்100 இரண்டும் இதேபோல எண்களில் பேசுபவைதான், 2004-ல் வந்த எஃப்6-ல்தான் பின்பக்கத் திரையில் வார்த்தைகள் வந்தன.

உள்ளே போகும் வழி எளிது. வலது கையின் உள்ளங்கை படும் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் கஸ்டம் ஃபங்ஷனுக்கான பொத்தான். அதை அழுத்துங்கள், டயலைச் சுழற்றி ஃபங்ஷன் எண்ணுக்குப் போங்கள், அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் நிலை மாறும். வேண்டியது வந்ததும் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். ஏதாவது ஒன்று 0-ல் இல்லாமல் மாறியிருந்தாலே எல்சிடியில் அதற்கான அடையாளம் தெரியும். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே முதலில் பார்க்கவேண்டியது இந்த அடையாளத்தைத்தான்.

வாங்கிய அன்று நான் செய்யச் சொல்வது இதுதான்: 0-லிருந்து 19 வரை ஒவ்வொன்றாகப் போய், எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் 0-க்குக் கொண்டு வாருங்கள் (0-வது ஃபங்ஷனைப் பற்றிய எச்சரிக்கை கீழே இருக்கிறது). பழைய உரிமையாளர் எழுதி வைத்த பழக்கங்கள் எல்லாம் போய், கேமரா தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். அதன்பிறகும் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால்தான் பழுது என்று சந்தேகப்படவேண்டும். 20 ஃபங்ஷன்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்யவும் முடியாது. விசிட்டிங் கார்டு அளவுக்கு ஓர் அட்டையில் நீங்கள் மாற்றியவற்றை மட்டும் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் அட்டையில் ஐந்து வரிதான் இருக்கிறது.

முதலில் பழகவேண்டியது 4-வது ஃபங்ஷன். என்னை அலையவிட்டதும் இதுதான், இன்று இதில்லாமல் என்னால் படம் எடுக்கவே முடியாது என்பதும் உண்மை. 0-ல் இருந்தால் ஷட்டரைப் பாதி அழுத்தும்போது ஃபோகஸ், நட்சத்திரப் பொத்தானில் வெளிச்ச அளவைப் பூட்டுவது. 1-ல் வைத்தால் இரண்டும் இடம் மாறிவிடும்: கட்டைவிரலில் ஃபோகஸ், ஷட்டரைப் பாதி அழுத்தினால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். 2-ல் ஃபோகஸ் ஷட்டரிலேயே இருக்கும், நட்சத்திரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அந்த இடத்திலேயே நிற்கும். 3-ல் கட்டைவிரலில் ஃபோகஸ், ஷட்டரில் அளவு பார்ப்பது மட்டும், எதுவும் பூட்டாது.

1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் ஃபிலிமில் அது முக்கியம். ஒரு பையன் மர நிழலிலிருந்து வெயிலுக்கு ஓடிவருகிறான், நீங்கள் ஷட்டரில் விரலைப் பாதி வைத்தபடியே காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 1-ல் இருந்தால் நிழலில் பார்த்த அளவே பூட்டியிருக்கும், வெயிலுக்கு வந்தபின் எடுக்கிற படம் வெளுத்துப்போகும். 3-ல் இருந்தால் ஷட்டர் விழுகிற நேரத்து வெளிச்சத்துக்கு ஏற்ப அளவு அமையும். நான் 3-ல்தான் வைத்திருக்கிறேன்.

3-ல் வைத்து, ஃபோகஸ் முறையை ஏஐ சர்வோவில், அதாவது அசையும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் முறையில், விட்டுவிடுங்கள். ஓடுகிற ஆளைப் பின்தொடரவேண்டுமா, கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள். உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கவேண்டுமா, கண்ணில் ஃபோகஸ் பிடித்தவுடன் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள், லென்ஸ் அங்கேயே நிற்கும், சட்டகத்தை உங்கள் விருப்பப்படி நகர்த்தி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். முறையை மாற்றிக்கொண்டே இருக்கிற வேலை மிச்சம். விரல்கள் இதற்குப் பழக ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரம் ஃபிலிம் போடாமல் பழகுங்கள், வெறும் கேமராவிலேயே ஷட்டர் விழும், எதுவும் செலவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கேமராவை வேறொருவர் கையில் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால், அவர் ஷட்டரை மட்டும்தான் அழுத்துவார், ஃபோகஸ் பிடிக்காது. கொடுக்கும் முன் 0-க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நீங்களே ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது 2. ரோல் முடிந்து பின்னால் சுற்றும்போது ஃபிலிமின் முனை டப்பாவுக்குள் போய்விடவேண்டுமா, கொஞ்சம் வெளியே நிற்கவேண்டுமா என்பதை இது தீர்மானிக்கும். 0 என்றால் உள்ளே, 1 என்றால் வெளியே. வீட்டிலேயே ஃபிலிம் கழுவுபவர்களுக்கு 1 பெரிய உதவி, இருட்டில் டப்பாவை உடைத்துத் திறக்கவேண்டியதில்லை. ஆனால் எடுத்து முடித்த ரோலும் புது ரோலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு பயணத்தில் எடுத்து முடித்த ரோலையே மறுபடி போட்டு, கோயில் கோபுரத்தின் மேல் ரயில் நிலையம் பதிந்து, இரண்டு நாள் உழைப்பும் போயிற்று. அன்றிலிருந்து ரோல் வெளியே வந்தவுடன் முனையை மடித்துக் கிழித்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன். நீங்களும் 1-ல் வைப்பதானால் இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே தொடங்குங்கள்.

முனை வெளியே நிற்பதால் இன்னொரு வசதியும் உண்டு. பாதி ரோல் எடுத்தபின் வேறு ஃபிலிம் போடவேண்டி வந்தால், எத்தனையாவது படம் என்பதை முனையில் மார்க்கரால் எழுதிக்கொண்டு, பாதியிலேயே சுற்றி எடுத்துவிடலாம். திரும்பப் போடும்போது லென்ஸை மூடியால் மூடி, லென்ஸின் ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, மேனுவல் முறையில் 1/8000 வேகமும் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை இருப்பதிலேயே சிறியதாகவும் வைத்து, அந்த எண்ணைத் தாண்டி இரண்டு படம் வரை வெறுமனே ஷட்டரைத் தட்டுங்கள். இரண்டு படம் வீணாகும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

3-வது ஃபங்ஷனில்தான் பணம் போகும் வாய்ப்பு அதிகம். 0-ல் இருந்தால் டப்பாவில் அச்சிட்டிருக்கும் டிஎக்ஸ் குறியைப் படித்துக் கேமராவே ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன் எண்ணை, வைத்துக்கொள்ளும். 1-ல் வைத்தால் நீங்கள் கடைசியாக வைத்த எண்ணே நிற்கும். நெகட்டிவ் ஃபிலிமை எப்போதும் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுப்பவர்கள், அதாவது போர்ட்ரா 400-ஐ 200 என்று வைத்து எடுப்பவர்கள், 1-ஐ விரும்புவார்கள். பெரிய சுருளாக வாங்கிப் பழைய டப்பாக்களில் தாங்களே சுற்றிக்கொள்பவர்களுக்கும் 1 அவசியம், ஏனென்றால் டப்பாவில் இருக்கும் குறி உள்ளே இருக்கும் ஃபிலிமுடையது அல்ல. ஆனால் 400 ஃபிலிம் எடுத்து முடித்துவிட்டு வெல்வியா 50 போட்டு, எண்ணை மாற்ற மறந்தால் மூன்று ஸ்டாப் இருட்டு. ஸ்லைடு ஃபிலிமில் அதற்கு மீட்சியே இல்லை. ஒரே வகை ஃபிலிம் பயன்படுத்தாதவர்கள் இதை 0-லேயே விட்டுவிடுவது நல்லது.

1-வது ஃபங்ஷன் சுற்றும் விதம் பற்றியது: தானாகவா நீங்கள் அழுத்தினால் மட்டுமா, வேகமாகவா சத்தம் குறைவாகவா என்று நான்கு நிலைகள். கச்சேரியிலோ தாலி கட்டும் நேரத்திலோ 36-வது படம் முடிந்தவுடன் கேமரா தானாக உறுமத் தொடங்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் அந்த மாதிரி இடங்களுக்கு 3, அதாவது நீங்கள் சொன்னபின் மெதுவாகச் சுற்றுவது.

12-வது ஃபங்ஷன், கேமராவுக்குள் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்குவது. 1-ல் வைத்தால் முதல் அழுத்தலில் கண்ணாடி மேலே போகும், இரண்டாவது அழுத்தலில்தான் படம். முக்காலியில் வைத்து மெதுவான வேகத்தில் எடுக்கும்போது அதிர்வு குறையும். வேலை முடிந்ததும் 0-க்குத் திருப்ப மறந்தால், மறுநாள் வ்யூஃபைண்டர் கறுத்துப்போய்ப் படமும் விழாமல் கேமரா உடைந்துவிட்டதோ என்று பயப்படுவீர்கள். கண்ணாடி தூக்கியிருக்கும்போது லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள், ஷட்டர் திரை கருகிவிடும்.

45 ஃபோகஸ் புள்ளிகள் என்பது கேட்க நன்றாக இருக்கும், கையால் தேர்ந்தெடுக்கும்போது தலைசுற்றும். 13-ஐ 1-ல் வைத்தால் தேர்ந்தெடுக்கக்கூடிய புள்ளிகள் 11-ஆகக் குறையும், ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரும் நடுவில் நிற்காமல் நீங்கள் தேர்ந்த புள்ளியோடு கூடவே போகும். ஓரத்தில் நிற்கும் முகத்துக்கு வெளிச்சம் பார்க்க இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. 17, ஒரு புள்ளிக்குச் சுற்றியிருக்கும் புள்ளிகளையும் துணைக்குச் சேர்ப்பது, பறவை, விளையாட்டு எடுப்பவர்களுக்கு. 16-ஐ 1-ல் வைத்தால், நீங்கள் வைத்த துவாரத்துக்கு ஷட்டர் வேகம் போதாமல் போகும்போது கேமராவே துவாரத்தைச் சரிசெய்துகொள்ளும். 6-வது ஃபங்ஷன் எக்ஸ்போஷர் படிகளின் அளவு, ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான் சரி, தொடாதீர்கள். ஃபிளாஷ் பயன்படுத்தாதவர்கள் 14, 15 இரண்டையும் மறந்துவிடலாம்.

0-வது ஃபங்ஷன் மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. வ்யூஃபைண்டரில் இருக்கும் ஃபோகஸ் திரை எந்த வகையோ அதற்கேற்ப மீட்டரைச் சரிசெய்வது இது. முன்பு வைத்திருந்தவர் வேறு திரை மாட்டியிருந்து, நீங்கள் இதை 0-க்குக் கொண்டுவந்தால் அளவு தவறலாம். சோதிக்க ஒரு வழி: நல்ல வெயிலில், வானம் தெளிவாக இருக்கும் நடுப்பகலில், ஐஎஸ்ஓ 400, எஃப்/16 என்று வைத்து வெயில் நேராக விழும் சாதாரணக் காட்சியைப் பாருங்கள். வேகம் 1/400-க்குப் பக்கத்தில் வரவேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு மேல் தள்ளி நின்றால் முதலில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்), பிறகு ஐஎஸ்ஓ, பிறகு இந்த 0-வது ஃபங்ஷன் என்று வரிசையாகப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் கேமரா புரியாத மாதிரி நடந்துகொண்டால், எடுத்துக்காட்டாக ஏதோ ஒரு எக்ஸ்போஷர் முறை வரவே மாட்டேன் என்கிறது, வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை என்றால், அது பர்சனல் ஃபங்ஷன் வேலையாக இருக்கலாம். இவை கேமராவின் பொத்தான்களால் மாற்ற முடியாதவை, இஎஸ்-இ1 என்ற மென்பொருளால் கணினியில் இணைத்து மட்டுமே மாற்றக்கூடியவை. அந்தக் கால விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள், கேபிளும் தனி. ஆகவே வாங்கும் முன்பே கடையில் நின்று எல்லா முறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி, வேகம் 1/8000 வரை போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, முதல் ரோலைக் கழுவிப் பார்க்கும்போது தொடக்கத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ பதிந்திருந்தால் கீறல் என்று நினைக்கவேண்டாம், கேமராவே ஃபிலிமின் முனையில் பதிக்கும் ரோல் எண் அது.

பழகும் வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ரோலுக்கு ஒரு ஃபங்ஷன்தான் மாற்றுங்கள். டிஜிட்டலில் தவறு அடுத்த நொடியே திரையில் தெரியும், இங்கே கழுவி வர ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகும், அதற்குள் ஐந்து எண்களை மாற்றியிருந்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரோல் போட்ட தேதி, மாற்றிய எண், அந்த ரோலில் எடுத்த இடம் என்று மூன்றையும் அட்டையின் பின்பக்கம் குறித்து வையுங்கள். என்றைக்காவது கேமராவை விற்கும்போது 20 எண்களையும் 0-க்குத் திருப்பி, அந்த அட்டையையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.