டிவோர்ஸ் காசு கட்டுறதுக்கு முதல்

இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் விவாகரத்துக்குக் கோர்ட்டுக்குக் கட்டவேண்டிய காசு 612 பவுண்ஸ். நான் 2024 பெப்ரவரியில் கட்டேக்க 593. அடுத்த வருசம் ஏப்ரலில் கூட்டினவை. கையில அவ்வளவு காசு இல்லை. ஓடிக்கொண்டிருந்த 2,000 பவுண்ஸ் சீட்டை 170 கழிவு கூறி எடுத்துக் கட்டினன். கட்டி ஆறு கிழமைக்குப் பிறகுதான் தெரிஞ்சது, நான் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை எண்டு. அதால, வங்கிக் காட்டை வெளியில எடுக்கமுதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

முதல் விசயம், ஆரிட்டயும் ஓடாதேங்கோ. போம் நிரப்பித் தாறன் எண்டு எங்கட ஆக்களில ஒருத்தர் என்னட்ட 450 கேட்டார். "எல்லாம் இதுக்குள்ள வரும், பிள்ளை" எண்டவர், காசு கொடுக்கப் போற நேரம் "கோர்ட் காசு வேற" எண்டார். எழும்பி வந்திட்டன். கூகிளில தேடினாலும் மேல வாறது விளம்பரங்கள்தான். கவ் டொட் யூகே எண்ட அரசாங்கத் தளத்துக்கே நேராப் போங்கோ. 2022 ஏப்ரல் 6இல சட்டம் மாறினாப் பிறகு, கலியாணம் முடிச்சவர் என்ன பிழை செய்தவர், நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு ஒண்டும் எழுதத் தேவையில்லை. கலியாணம் முடிஞ்சு ஒரு வருசம் ஆகியிருக்கவேணும், இது முறிஞ்சுபோச்சு எண்டு சொல்லவேணும். பள்ளிக்கூட போம் நிரப்புற ஆக்களுக்கு இது பெரிய வேலையில்லை.

கரைச்சல் தந்தது கலியாண சேட்டிபிக்கேட்தான். என்ர பதிவு யாழ்ப்பாணத்தில, எழுத்தெல்லாம் தமிழ். நடுவில மடிச்ச இடத்தில பதிவாளரின்ர முத்திரை அழிஞ்சுபோய் ஒரு நீலக் கறைதான் மிச்சம். ஜன்னலடியில வெளிச்சத்தில வைச்சு நாலு தரம் படம் எடுத்தன். இங்கிலிசில இல்லாட்டி, உறுதிப்படுத்தின மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பவேணும். எங்களுக்கு ரெண்டு மொழியும் தெரியும்தானே எண்டு நாங்களே எழுதி அனுப்பினால் சரிவராது. அந்தச் செலவு 612க்குள்ள இல்லை, தனியா ஒதுக்குங்கோ.

இனித்தான் முக்கியமான சங்கதி. "ஹெல்ப் வித் பீஸ்" எண்டு ஒண்டு இருக்கு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் கோர்ட் காசை முழுக்க, இல்லாட்டிக் கொஞ்சத்தைக் கழிச்சு விடுவினம். ரெண்டு விசயம் பார்ப்பினம். ஒண்டு சேமிப்பு: 66 வயசுக்குக் கீழ எண்டால் 4,250 பவுண்சுக்குள்ள இருக்கவேணும். குடியிருக்கிற வீடு கணக்கில்லை. ஆனால் சீட்டு எடுத்து வங்கியில போட்டு வைச்சிருக்கிற காசும் சேமிப்புத்தான், மறந்திடாதேங்கோ. மற்றது மாச வருமானம், வரி கழிக்கமுதல் உள்ள தொகை. தனி ஆள் எண்டால் 1,420. 13 வயசு வரைக்கும் பிள்ளை ஒண்டுக்கு 425, அதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 710 கூட்டவேணும். எனக்கு எட்டிலயும் பதினொண்டிலயும் ரெண்டு. அப்ப 1420, 425, 425: 2,270. நான் கெயார் ஹோமில எடுத்தது 1,300 சொச்சம்.

"அவர் நல்லா உழைக்கிறார், எனக்குத் தராயினம்" எண்டு கனபேர் விட்டிடுகினம். பிழை. ஆரை விட்டுப் பிரியப் போறீங்களோ, அவற்ற சம்பளமும் சேமிப்பும் உங்கட கணக்கில வராது.

முதல் இந்த உதவிக்கு ஒன்லைனில விண்ணப்பியுங்கோ. நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் தேவை. எந்தப் போமுக்கு எண்டு கேட்டால் டி8, அதுதான் டிவோர்ஸ் விண்ணப்பப் போம். முடிவில எச்-டபிள்யூ-எஃப் எண்டு தொடங்குற ஒரு நம்பர் வரும். வடிவா எழுதி வையுங்கோ. டிவோர்ஸ் விண்ணப்பத்தில காசைப் பற்றிக் கேக்கிற இடத்தில அந்த நம்பரைப் போடவேணும். ரெண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிச்சால், ரெண்டு பேருக்கும் தகுதி இருந்தால்தான் சரிவரும்.

உதவி கிடைக்காத ஆக்கள் கடைசிப் பக்கத்தில காட்டால கட்டலாம். கடுதாசியில அனுப்புற ஆக்கள் எச்எம் கோர்ட்ஸ் அன்ட் ட்ரைபியூனல்ஸ் சேர்விஸ் பேருக்குச் செக் எழுதி வைக்கலாம். கடைசி உத்தரவு வரைக்கும் இந்த ஒரே காசுதான். வீடு, காசு பிரிக்கிற உத்தரவுக்கு மட்டும் வேற. விண்ணப்பத்தை ஏற்று அறிவித்தல் அனுப்பினாப் பிறகு, நாங்கள் ராசியாயிட்டம் எண்டு சொன்னாலும் திருப்பித் தராயினம்.

என்னைப்போல தெரியாமல் கட்டினாக்களுக்கு ஒரு வழி இருக்கு. கட்டின நேரத்தில தகுதி இருந்திருந்தால், மூண்டு மாசத்துக்குள்ள அதே உதவிக்கு விண்ணப்பிச்சுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். நூலகத்தில உதவிக்கு இருந்த ஒரு அக்கா சொல்லி, அந்த உதவிக்கான ஈஎக்ஸ்160 போமை அவவின்ர மேசையிலயே நிரப்பினன். 593உம் வங்கிக்கு வந்தது. சீட்டில விட்ட 170 தான் போனது.