பிரேக் லைனைத் தளர்த்துங்கள்: ஆர்.சி. ஸ்கைடைவர் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, உடுமலைக்குத் தெற்கே நாங்கள் பறக்கவிடும் தரிசுக் காட்டில் (எங்கள் பக்கம் மேட்டு நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர்) புதிதாக வந்த இரண்டு தம்பிகள் தங்கள் முதல் ஜம்பரை, அதாவது ரேடியோவில் இயக்கும் பாராசூட் பொம்மையை, மாதிரி விமானத்திலிருந்து இறக்கினார்கள். விமானம் நன்றாக ஏறியது, ஜம்பர் கழன்றது, கேனோபி (பாராசூட் துணி) பட்டென்று விரிந்தது, நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் அது முன்னே போகவே இல்லை. கொடியிலிருந்து நழுவிய ஈரத்துணி போல நேராகக் கீழே வந்தது. அந்தத் தம்பி ரேடியோவின் ஸ்டிக்கை இழுக்க இழுக்க இன்னும் மோசமாகி, ஒரு சுற்று சுற்றி, வரப்பில் போய் மோதியது. தோளில் கையை அசைக்கும் சின்ன மோட்டாரின் (சர்வோ) பல் போய்விட்டது.

ஓடிப்போய்ப் பார்க்கும் முன்பே என்ன தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே ஒரு சீசன் முழுக்க இதைச் செய்திருக்கிறேன். பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள், மழையில் பறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரேக் லைனை இறுக்கிக் கட்டுவது

ஜம்பரின் இரண்டு கைகளும் சர்வோவில் இயங்குபவை. ஒவ்வொரு கையின் நுனியிலிருந்தும் ஒரு மெல்லிய கயிறு கேனோபியின் பின் ஓரத்துக்குப் போகிறது. கை இறங்கினால் அந்தப் பக்கப் பின் ஓரம் கீழே மடங்கும், ஜம்பர் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு கையையும் சேர்த்து இறக்கினால் வேகம் குறையும். கட்டுப்பாடு இவ்வளவுதான், வேறு எதுவும் கிடையாது.

இப்போது வீட்டில் மேசைமேல் ஜம்பரை வைத்துக்கொண்டு இந்தக் கயிற்றைக் கட்டுகிறீர்கள். ஸ்டிக்கை அசைத்தால் கை அசைகிறது, ஆனால் கயிறு தொளதொளவென்று தொங்குகிறது. பார்க்கவே தப்பாகத் தெரியும். உடனே என்ன செய்வோம்? கை அசைந்த அந்த நொடியே பின் ஓரம் இழுபட வேண்டும் என்று, கயிறு விறைப்பாக நிற்கும்வரை சுருக்கி முடிச்சுப் போட்டுவிடுவோம். நான் அப்படித்தான் போட்டேன். அந்தத் தம்பிகளும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். போன வருடம் வந்தவரும் அதையேதான் செய்தார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் இப்படி விறைப்பாகக் கட்டிக் கொண்டுவந்து நிற்கும்போது எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு ஜம்பர் போகிறது.

இது ஏன் தப்பு என்று கேனோபியைப் பார்த்தால் புரியும். பட்டம் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பர்ட் 1964இல் விண்ணப்பித்து 1966இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் வழி வந்ததுதான் இன்று மனிதர்கள் குதிக்கும் சதுரக் கேனோபி, நம் ஜம்பரின் கேனோபியும் அதுவே. முன்பக்கம் வாய் திறந்திருக்கும், பின்பக்கம் தைத்து மூடியிருக்கும், உள்ளே குச்சியோ கம்பியோ கிடையாது. முன்னே போகும் வேகத்தில் உள்ளே புகுந்து அடைபடும் காற்றுதான் அதற்கு எலும்பு. பிரேக் லைன் குட்டையாக இருந்தால் ஜம்பர் கையை உயர்த்தி நிற்கும்போதே பின் ஓரம் இழுபட்டுத்தான் இருக்கும். கேனோபி விரிந்த நொடியிலிருந்தே பாதி பிரேக். வேகம் எடுக்க முடியாது, வேகம் இல்லாததால் உள்ளே அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் உருவம் தளர்கிறது, இறக்கை ஸ்டால் ஆகிறது, அதாவது தூக்கும் விசையை இழக்கிறது. நேராகக் கீழே வரும், சில சமயம் பின்பக்கமாகவே நகரும். அந்த நேரத்தில் கீழே நிற்பவர் பதறிப்போய் "திரும்பவே மாட்டேங்குதே" என்று ஒரு பக்கத்தை இன்னும் இழுப்பார். ஏற்கெனவே ஸ்டாலில் இருக்கும் கேனோபியை ஒரு பக்கம் இழுத்தால் அது திரும்பாது, அங்கேயே சுழன்று கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். அதோடு முடிந்தது.

என் கதையில் நான் இன்னொரு படி போனேன். திருப்பம் போதவில்லை என்று நினைத்து ரேடியோவில் சர்வோ இயக்கத்தைக் கூட்டினேன், அதற்கும் சரிவரவில்லை என்று கயிற்றை இன்னும் இரண்டு செ.மீ. சுருக்கினேன். நோய்க்கு மருந்து என்று நினைத்து நோயையே ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு இரண்டு சர்வோ, ஒரு ரிசீவர், இடுப்புச் சட்டம் எல்லாம் ஒரே வீழ்ச்சியில் போனது. விமானம் ஓட்டிய நண்பர்தான் கேனோபியை மடிக்கும்போது பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, கை மேலே இருக்கறப்பவே இது இழுத்துட்டு இருக்குதே?" என்று கேட்டார்.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் இலேசான காற்று வரும்போது ஜம்பரை இடுப்போடு பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நில்லுங்கள், இன்னொருவர் கேனோபியைத் தூக்கிவிடட்டும். பட்டம் போலத் தலைக்கு மேல் நிற்கும். ஜம்பரின் கை முழுக்க மேலே இருக்கட்டும். இப்போது பக்கவாட்டில் நின்று பிரேக் லைனைப் பாருங்கள்: அது காற்றில் பின்பக்கமாக வில் போல வளைந்திருக்க வேண்டும். நேர்க்கோடாக நின்றால் இறுக்கம். பின் ஓரத்தில் எங்கேயும் கீழ்நோக்கிய மடிப்பு தெரியக்கூடாது. என் 2 சதுர மீட்டர் கேனோபியில் நான் ஐந்து செ.மீ. தளர்வு விடுகிறேன், ஆனால் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வில்லைப் பார்த்துக் கட்டுங்கள்.

இன்னொரு இடத்திலும் இதே தப்பு ஒளிந்திருக்கும். கயிற்றின் நீளம் சரியாக இருந்தும், ஸ்டிக் நடுவில் நிற்கும்போது ஜம்பரின் கை தோள் மட்டத்தில் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஸ்டிக்கை விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும், அதாவது ஜம்பருக்குப் பாதி பிரேக். ஸ்டிக்கை விட்டால் கை முழுக்க மேலே போக வேண்டும். அப்படி அமையுங்கள்.

அந்தத் தம்பிகளின் கயிற்றில் இரண்டு பக்கமும் நான்கு செ.மீ. விட்டுக் கட்டினோம். என் பெட்டியில் இருந்த ஒரு சர்வோவை மாட்டி, ஒன்பது மணிக்குக் காற்று ஏறும் முன் மறுபடி இறக்கினார்கள். அதே ஜம்பர், அதே கேனோபி. சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, நிறுத்திவைத்த பைக்கிலிருந்து பத்தடி தள்ளி இறங்கியது.

எடை குறைந்தால் நல்லது என்ற நினைப்பு

பாராசூட் என்றாலே இலேசாக இருக்க வேண்டும் என்று மனது சொல்லும். 2 சதுர மீட்டர் கேனோபியில் 2 கிலோ ஜம்பர் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில்தான் போகும். மேலே காற்றும் அதே வேகத்தில் அடித்தால் ஜம்பர் தரையைப் பொறுத்து நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்கு மேல் அடித்தால் பின்னால் போகும். எடை ஏற ஏற வேகம் கூடும், ஆனால் கணக்கு கஞ்சத்தனமானது: வேகம் 20 சதவீதம் கூட வேண்டுமென்றால் எடை 44 சதவீதம் கூட வேண்டும். காற்று நாளில் இடுப்பில் ஈயம் சேர்ப்பது அதற்காகத்தான். ஆடிக் காற்றுக்கு ஈயமும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது காற்றாலைகளுக்கான காற்று, நாங்கள் அப்போது ஜம்பரைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

தலைக்கு மேலே இறக்குவது

பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மேலே காற்று 15 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கி.மீ. வேக ஜம்பர் காற்றை எதிர்த்து ஒரு நிமிடத்தில் 80 மீட்டர்தான் கடக்கும், காற்றோடு போனால் 580 மீட்டர். ஒரு தடவை உங்களைத் தாண்டி முதுகுப் பக்கம் போய்விட்டால் திரும்பி வர உயரம் போதாது. காற்று வரும் திசையில் நன்றாக முன்னே தள்ளி இறக்குங்கள். தரையில் புல் அசைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், 100 மீட்டரில் காற்று வேறு. முதல் சுற்றில் விமானம் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்று பாருங்கள்.

"உட்றாத"

விமானத்துக்கு ஒருவர், ஜம்பருக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். கழற்றும் சுவிட்ச் விமானம் ஓட்டுபவர் கையில் இருக்கும். ஒரு நாள் தென்னந்தோப்புக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருந்தபோது நான் "உட்றாத" என்று கத்தினேன். பெட்ரோல் இன்ஜின் சத்தத்தில் தம்பி காதில் விழுந்தது "உட்றா". ஜம்பர் தென்னை உச்சியில் இரண்டு நாள் தொங்கியது, மரம் ஏறுபவர் வந்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டே சொல்: "போ", "நில்". வேறு எதுவும் பேசுவதில்லை.

சுவிட்ச்

ஜம்பரின் சுவிட்சைப் போட்டு, அதன் கையை அசைத்துப் பார்த்த பிறகே விமானத்தில் மாட்டுங்கள்.

விமானத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

ஜம்பர் வாங்கிய உற்சாகத்தில், கையில் இருக்கும் 1.4 மீட்டர் இறக்கையுள்ள தெர்மாகோல் பயிற்சி விமானத்தில் மாட்டப் பார்ப்பார்கள். விமானத்தைவிட ஜம்பர் கனமாக இருக்கும். 2 கிலோ ஜம்பருக்கு சீனியர் டெலிமாஸ்டர் போல 2.4 மீட்டர் அளவு இறக்கையுள்ள, மெதுவாகப் பறக்கக்கூடிய மேல் இறக்கை விமானம் நிம்மதி. ஜம்பரை விமானத்தின் சமநிலைப் புள்ளிக்கு நேர் கீழே மாட்டுங்கள், இல்லையென்றால் கழன்ற நொடியில் மூக்கு எழும்பும் அல்லது குத்தும். இறக்கும் முன் திராட்டிலை (இன்ஜின் வேகத்தை) குறையுங்கள், காற்றுக்கு எதிரே, மட்டமாக. முழு திராட்டிலில் கழற்றி, கேனோபி வாலில் சுற்றி, ஜம்பரும் விமானமும் சேர்ந்து விழுந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் பத்து ஏற்றத்துக்கு அதே எடையில் ஒரு மணல் பையை மாட்டிப் பழகுங்கள், கழற்றாமலே ஏறி இறங்கிப் பாருங்கள்.

மடிக்கும்போது அவசரம்

கேனோபியைத் தரையில் விரித்து, தோளிலிருந்து கயிறுகளை விரலுக்கு இடையில் ஓடவிட்டுக்கொண்டே கேனோபிவரை போங்கள். எங்கேயாவது விரல் தடுக்கினால் ஜம்பர் கயிறுகளுக்கு நடுவில் ஒரு முறை நுழைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று இதைத் தவிர்க்காதீர்கள், காத்திருக்கட்டும்.

ஃபிளேர்

தரையைத் தொடும் முன் இரண்டு கையையும் சேர்த்து இறக்கி வேகத்தைக் குறைப்பதுதான் ஃபிளேர். ஆள் உயரத்துக்கு வந்த பிறகு செய்யுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

ஃபெயில்சேஃப்

ரேடியோ சிக்னல் போனால் ஜம்பரின் கை மேலே போகும்படி அமையுங்கள். கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும்படி விடாதீர்கள்.

உயரம்

ட்ரோன் விதிகளில் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான். கோவைப் பக்கத்தில் இருப்பவர்கள் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

முள்ளில் மாட்டினால் இழுப்பது

சீமைக்கருவேலம் இருக்கும் எந்தக் காட்டிலும் இது நடக்கும். இழுத்தால் ஒரு முள் ஓட்டை ஒரு முழக் கிழிசலாகும். சின்னக் கத்தரி ஒன்று பெட்டியில் வைத்திருங்கள், கிளையை வெட்டிக் கேனோபியோடு சேர்த்து எடுத்து, நிழலில் உட்கார்ந்து முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஓட்டைக்கு ரிப்ஸ்டாப் டேப்பை (கிழிசல் பரவாத நைலான் ஒட்டு நாடா) இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும். கயிறு தைத்திருக்கும் இடத்தில் கிழிந்திருந்தால் மட்டும் ஒட்டிவிட்டு அன்றைக்கே பறக்க வேண்டாம், அது தைத்தே ஆக வேண்டிய இடம்.