எல்லையோர ஊர்களில் டெங்கு நோய்க்கு நிலப்படம் தயாரிக்கும் முறை

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில் காய்ச்சல் கண்டவர்கள் எல்லாரும் ஒரே மருத்துவமனைக்குப் போவதில்லை. ஒருவர் பாலக்காட்டுக்குப் பேருந்து ஏறுவார். அடுத்த வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்குப் போவார். வசதியுள்ளவர் நேராகக் கோவைக்குப் போய்விடுவார். இதனால் ஒரே தெருவில் ஒரே வாரத்தில் டெங்கு கண்ட மூன்று பேரின் விவரம் மூன்று மருத்துவமனைகளிலும் இரண்டு மாநிலங்களின் பதிவேடுகளிலும் பிரிந்து கிடக்க நேரலாம். எந்தப் பதிவேட்டைத் தனியாகப் பார்த்தாலும் அந்தத் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் நோய் என்று தோன்றும். மூன்றையும் ஒரே படத்தில் வைத்தால்தான் அந்தத் தெருவுக்கு உடனே ஆள் அனுப்ப வேண்டும் என்பது தெரியவரும்.

சுகாதார ஆய்வாளர்கள், ஆஷா பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், வார்டு உறுப்பினர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆகியோர் ஒரு மடிக்கணினியும் கைப்பேசியும் கொண்டு இத்தகைய படத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்வதற்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. டெங்குவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பிற நோய்களுக்கு எவற்றை மாற்ற வேண்டும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

எந்தப் பரப்பை வரைவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது படத்தின் பரப்பு. ஊராட்சி எல்லையோடு படத்தை நிறுத்திவிடுவதே வழக்கம். எல்லையோர ஊர்களில் அது பெரும் பிழை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே சுற்றும். 400 மீட்டரைத் தாண்டுவது அரிது. வைரஸைத் தொலைவுக்குக் கொண்டுசெல்பவர்கள் மனிதர்கள்தான். ஆகவே அந்த ஊர் மக்கள் நாள்தோறும் எங்கெல்லாம் போய்வருகிறார்களோ அந்த இடங்கள் படத்துக்குள் வர வேண்டும்: கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள், வேலந்தாவளம் சந்தை, பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள், ஆள்கள் கூலிக்குப் போகும் தென்னந்தோப்புகள், எல்லைக்கு அப்பால் ஒட்டியுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்கள் ஆகிய அனைத்தும்.

அப்பாலுள்ள கிராமங்களின் விவரம் உடனே கிடைக்காமல் போகலாம். அப்போது அந்தப் பகுதியை வெறுமையாக விடாமல் சாம்பல் நிறக் கோடுகளால் நிரப்பி, 'விவரம் பெறப்படவில்லை' என்று எழுதி வையுங்கள். நோயாளி இல்லாத இடமும் விவரம் இல்லாத இடமும் படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால், பார்ப்பவர் இரண்டையும் நோயற்ற இடமென்றே எடுத்துக்கொள்வார். எல்லைக்கோட்டில் நோய் சட்டென்று நின்றுவிட்டதாக ஒரு படம் காட்டினால், அங்கே நின்றது நோயா தகவலா என்று முதலில் கேட்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடிப்படைப் படத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய நிலப்படம் போதும். வரைவதற்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். சிறு குடியிருப்புகளின் சந்துகள் அடிப்படைப் படத்தில் விடுபட்டிருக்கும். கைப்பேசியில் பாதையைப் பதிவு செய்தபடி ஒருமுறை நடந்து அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டு எல்லைகளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளத்தில் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டதால் பழைய வார்டுப் படம் இப்போது பொருந்தாது.

விவரத் தாள்

ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்ற கணக்கில் எக்செல் தாள் ஒன்றைத் தொடங்குங்கள். பெயருக்குப் பதிலாக ஓர் எண் கொடுங்கள். அந்த எண் யாருக்குரியது என்ற பட்டியல் பொறுப்பான ஓர் அலுவலரிடம் மட்டும் தனியாக இருக்கட்டும். வயது, பாலினம், காய்ச்சல் தொடங்கிய தேதி, செய்த பரிசோதனை, சிகிச்சை பெற்ற இடம், வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். அவற்றோடு, காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவர் பகல் பொழுதை எங்கே கழித்தார் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

தேதியில் கவனம் தேவை. காய்ச்சல் கண்டவர் மூன்று நான்கு நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருவார். இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாள்களுக்குள் பயன் தரும். நோயை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை அதற்குப் பிறகே பொருந்தும். முடிவு வர மேலும் ஒரு நாள் ஆகலாம். பரிசோதனைத் தேதியை வைத்து வரைந்தால் ஒரே நாளில் கொசு கடித்த இருவர் படத்தில் வெவ்வேறு வாரங்களில் தோன்றுவார்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியே சரியான தேதி.

கைப்பேசியில் இடத்தைக் குறிக்கும்போது வீட்டு வாசலில் நின்று, துல்லிய அளவு 10 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். அடர்ந்த தோப்புக்குள் இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் ஏறத்தாழ 11 மீட்டர் அளவுக்கும், ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்கும் இடம் குறிக்கப்படும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் புள்ளி நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். டெங்குவுக்கு அது அடுத்த தெரு.

இரண்டு மாநிலப் பட்டியல்களை இணைக்கும்போது இரண்டு தொல்லைகள் வரும். பொள்ளாச்சியில் பரிசோதித்துவிட்டுப் பாலக்காட்டில் மீண்டும் பரிசோதித்தவர் இருமுறை எண்ணப்பட்டிருப்பார். வயது, பாலினம், காய்ச்சல் தொடங்கிய தேதி, வார்டு ஆகிய நான்கும் பொருந்தும் வரிகளை எடுத்து விசாரியுங்கள். ஒரே கிராமத்தின் பெயர் ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல், மைய அரசின் உள்ளாட்சி அடைவில் அந்தக் கிராமத்துக்குத் தரப்பட்டுள்ள குறியீட்டு எண்ணைக் கொண்டு இணையுங்கள்.

நோய் தொற்றிய இடம்

பகல் பொழுதைப் பற்றிய பத்தியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. கடிபட்ட 4 முதல் 10 நாள்களுக்குப் பின் காய்ச்சல் தொடங்கும். கடிபட்ட இடம் வீடாகவும் இருக்கலாம், வேலைத்தளமாகவும் இருக்கலாம், பள்ளியாகவும் இருக்கலாம். பதிவேட்டில் இருப்பதோ வீட்டு முகவரி மட்டுமே.

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்த ஆய்வை இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். இறந்தவர்களின் வீடுகளை அவர் விசாரித்தபோது அவை பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அந்தக் குவியலை அவர் பின்னர் வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். ஆனால் அவருடைய முடிவுக்கு வலுச் சேர்த்தவை அந்தக் குவியலுக்குப் பொருந்தாத வீடுகளே என்பேன். தொலைவில் உள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவால் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அதை அவர் நாள்தோறும் வரவழைத்துக் குடித்துவந்தது விசாரணையில் தெரிந்தது. குழாய்க்கு அருகிலேயே இருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர்களோ இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை.

உங்கள் படத்திலும் இவ்விரு வகையினரைத் தேடுங்கள். குவியலுக்கு வெளியே தனித்து நிற்கும் புள்ளிக்குரியவரிடம் போய் அவர் எங்கெல்லாம் போனார் என்று கேளுங்கள். குவியலுக்கு நடுவே நோயின்றி இருக்கும் வீட்டுக்குப் போய் அங்கே எது வேறுபட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி, வீட்டுப் புள்ளிகளுக்கு ஓர் அடுக்கும் பகலில் இருந்த இடங்களின் புள்ளிகளுக்கு ஓர் அடுக்கும் தனித்தனியே வரையுங்கள். வீட்டு அடுக்கில் சிதறிக் கிடப்பவர்கள் பகலிட அடுக்கில் ஒரே தொழிற்சாலையிலோ தோப்பிலோ வந்து குவிந்தால், மருந்தும் ஆளும் போக வேண்டிய இடம் அதுவே.

கணினியில் வரைதல்

தாளைச் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துக் கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றும்போது, எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகையையும் ஒய் என்று கேட்கும் இடத்தில் அட்சரேகையையும் கொடுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பகுதிக்கு அட்சரேகை ஏறத்தாழ 10.7, தீர்க்கரேகை 76.8. இரண்டும் இடம் மாறினால் புள்ளிகள் ஆர்க்டிக் பகுதிக் கடலில் போய் விழும். படத்தில் உங்கள் ஊர்ப் புள்ளிகளைக் காணவில்லையென்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வட்டம் போடுவதற்கு முன் அடுக்கை, இடத்தைப் பாகையில் அல்லாமல் மீட்டரில் குறிக்கும் ஆயமுறைக்கு மாற்ற வேண்டும். களியக்காவிளையிலிருந்து கூடலூர் வரையிலான கேரள எல்லை முழுவதும், உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்குள் வரும். கியூஜிஐஎஸ்ஸில் தேர்ந்தெடுக்க வேண்டிய அதன் இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32643. ஆந்திர எல்லையில் திருத்தணி, சித்தூர்ப் பக்கம் வேலை செய்பவர்கள் 32644 என்ற எண்ணைப் பயன்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி 100 மீட்டரில் ஒரு வட்டமும் 400 மீட்டரில் ஒரு வட்டமும் போடுங்கள். காய்ச்சல் தொடங்கிய வாரத்தைக் கொண்டு புள்ளிகளுக்கு நிறம் கொடுங்கள். இல்லையென்றால் மூன்று மாதப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்து, ஓய்ந்துபோன குவியலும் இன்று வளரும் குவியலும் ஒன்றுபோலத் தெரியும்.

வார்டுகளை ஒப்பிடுவதென்றால் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். 5,000 பேர் உள்ள ஊரில் 10 பேருக்கு நோய் என்றால் ஆயிரத்துக்கு 2; 400 பேர் உள்ள குடியிருப்பில் 2 பேருக்கு என்றால் ஆயிரத்துக்கு 5. ஆனால் மிகச் சிறிய குடியிருப்புகளில் ஒரே நோயாளி வந்தாலும் விகிதம் தாவிவிடும் என்பதால் விகிதத்தின் அருகில் எண்ணிக்கையையும் எழுதுங்கள். வெப்பப் படம் எனப்படும் சிவப்பு மஞ்சள் பூச்சு பார்வைக்கு நன்றாக இருந்தாலும், புள்ளிகள் குறைவாக உள்ள கிராமப் படத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை; வயலுக்கும் குளத்துக்கும்கூட அது நிறம் பூசிவிடும்.

தண்ணீர் அடுக்கு

எல்லையோரக் கிழக்குப் பகுதிகளுக்கு மிகவும் தேவையான அடுக்கு தண்ணீர் அடுக்குதான். மழைமறைவுப் பகுதியான இங்கே கோடையில் டேங்கர் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகள் உண்டு. லாரி எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம், அண்டா என்று எல்லாவற்றிலும் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர 7 முதல் 10 நாள்கள் போதும். ஆகவே தண்ணீர் வரும் இடைவெளி ஒரு வாரத்தைத் தாண்டும் தெருக்களில், மூடாத பாத்திரங்கள் அத்தனையும் கொசு பிறக்கும் இடங்களாகிவிடும். மழையே இல்லாத மாதத்தில் டெங்கு வருவதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

லாரி நிற்கும் இடங்களையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதையும் தெருவாரியாகக் கேட்டுக் குறியுங்கள். அதன்மேல் கொசுப்புழுக் கணக்கெடுப்பை வையுங்கள். புழு கண்ட வீடுகளின் விழுக்காடு வீட்டுக் குறியீடு. 100 வீடுகளுக்குப் புழு கண்ட பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. டிரம்மா, ஆட்டுரலா, சிரட்டையா, பழைய டயரா, ஃபிரிட்ஜின் பின்தட்டா என்று பாத்திர வகையையும் எழுதினால், எதை ஒழிக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது; உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரையே நம்பி வாழும் குடும்பத்திடம் பாத்திரத்தைக் காலி செய்யச் சொல்வது நியாயமல்ல. மூடியோ, இறுக்கிக் கட்ட ஒரு துணியோ கொடுப்பதும், தண்ணீர் இடைவெளியைக் குறைக்க ஊராட்சியிடம் இந்தப் படத்தைக் காட்டி வாதாடுவதும்தான் நாம் செய்ய வேண்டியவை.

பிற நோய்களுக்கு

எலிக்காய்ச்சலுக்கு வீட்டைவிட வயலும் வாய்க்காலும் முக்கியம்; அறிகுறி தோன்ற வழக்கமாக 5 முதல் 14 நாள், சில வேளை ஒரு மாதம்கூட ஆகும் என்பதால் விசாரணையின் காலவரம்பை நீட்டிக்க வேண்டும். கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் கண்டறியப்பட்டுப் பிற்காலத்தில் நீலகிரி, வயநாடு காடுகளிலும் காணப்பட்ட குரங்குக் காய்ச்சலுக்கு, மனிதர்களைவிட முந்திக் குறிக்க வேண்டியது குரங்குகள் இறந்துகிடந்த இடங்களை. நோயைப் பரப்பும் உண்ணிகள் அங்கேதான் சிதறியிருக்கும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது தொற்றியவர்களில் பலருக்கு மருத்துவமனைகளில்தான் தொற்றியது. அத்தகைய நோய்க்கு வீட்டுப் புள்ளிகள் அதிகம் உதவாது. மருத்துவமனையின் எந்த வார்டில், எந்த நேரத்தில், யார் அருகில் இருந்தார்கள் என்ற தொடர்புப் படமே உதவும்.

படத்தை யாரிடம் கொடுப்பது

புள்ளி வைத்த படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடவே கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் புள்ளி வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறு ஊரில் அது அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் அளவுக்கும் போகலாம். பொதுமக்களுக்கு வார்டு அளவில் நிறமிட்ட படம் போதும். களப்பணியாளர்களுக்கு மட்டும் அவரவர் பகுதியின் படத்தை அச்சிட்டு, எந்த வீட்டில் தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள்: முதலில் 100 மீட்டர் வட்டம், பிறகு 400 மீட்டர் வட்டம். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவைத் தொடாது என்பதால், புழு ஒழிப்பு நடக்காத தெருவில் புகை மட்டும் அடிப்பதால் பயன் மிகக் குறைவு.

வட்டம் எல்லையைத் தாண்டினால், அப்பாலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கு மாவட்டக் கண்காணிப்பு அலுவலர் வழியாக அந்தப் பகுதியின் படத்தை அன்றே அனுப்பி, இரு பக்கமும் ஒரே நாளில் வேலை நடக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் புழுவை ஒழித்தால் மறுபக்கத்துக் கொசு சாலையைக் கடந்து வர ஒரு பொழுது போதும். இரண்டு வாரம் கழித்து அதே வீடுகளில் மீண்டும் கணக்கெடுத்துப் பிரெட்டோ குறியீட்டை முந்தைய படத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். அது குறையாத தெருவில் எந்த வகைப் பாத்திரம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, அடுத்த வாரத்தின் வேலை வரிசையை அந்தத் தெருவிலிருந்தே தொடங்குங்கள்.