வலிநிவாரணிக் குறிப்புகளில் சறுக்கும் இடங்கள்

ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளும் அதன் எழுத்துகளைக் கட்டும் சொல்விளையாட்டும் மறைந்திருக்கும் ஆங்கிலப் பூடகக் குறுக்கெழுத்தில், வலிநிவாரணியைக் குறிக்கும் 'பெயின்கில்லர்' என்ற சொல்லும் ஏழு கட்டங்களும் கண்ணில் பட்டவுடன் பலர் 'ஆஸ்பிரின்' என்று எழுதிவிடுகிறார்கள். அபினியைப்போல் செயல்படும் ஓபியாய்ட் மருந்து வகையைச் சேர்ந்த 'கோடீன்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள்தாம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், ஏழு இடங்களில் ஓரிடத்தில்கூட ஒரே எழுத்து அமைவதில்லை. ஆகவே, குறுக்கே வெட்டும் ஓர் எழுத்து உறுதியாகத் தெரிந்தாலே இரண்டில் ஒன்று விலகிவிடும்; அதுவரை பொறுத்திருப்பதே நல்லது.

'ஓபியேட்', 'ஓபியாய்ட்' இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இதைவிடப் பெரிய பிழை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஆறு எழுத்துகள், முதல் மூன்றும் ஒன்றே. ஆனால், அபினிச் செடியிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் மார்ஃபின், கோடீன் போன்றவையே ஓபியேட். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் ஃபென்டனிலையும் உள்ளடக்கிய பெரிய குடும்பம் ஓபியாய்ட். 'ஆஃப்டர் ஆப்பரேஷன், ஐ கன்ஸ்யூம்ட் பெயின்கில்லர்' என்று நானே அமைத்த ஒரு குறிப்பைப் பாருங்கள். படித்தவுடன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் கண்முன் வருகிறார். அந்தக் காட்சியிலேயே நின்றுவிடுவதுதான் தவறு. அறுவை சிகிச்சையின் சுருக்கமான 'ஆப்', அதையடுத்து 'நான்' என்னும் 'ஐ', உண்டதைச் சொல்லும் 'ஏட்' ஆகியவற்றின் ஆங்கில எழுத்துகள் (OP, I, ATE) சேர்ந்தால் 'ஓபியேட்' வந்துவிடுகிறது. கடைசி மூன்று எழுத்துகளுக்குக் கணக்குச் சொல்லாமல் 'ஓபியாய்ட்' என்று நிரப்பியவருக்கு அடுத்த மூன்று விடைகளும் தடம் புரளக்கூடும்.

புதிர் அமைப்பவர்களும் தவறுகிறார்கள். எண்ணைக் குறிக்கும் 'நம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லை (numb-er) 'மரத்துப்போகச் செய்வது' என்று பிரித்து மயக்கமருந்தைச் சுட்டுவது பழைய உத்தி, அழகான உத்தியும்கூட. ஆனால், அதையே மார்ஃபினுக்குப் பயன்படுத்துவது பொருந்தாது. உறுப்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து அவ்விடத்து நரம்பின் செய்தியைத் தடுக்கிறது. மார்ஃபினோ மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் செயல்பட்டு வலியின் உணர்வைத் தணிக்கிறது. மார்ஃபினை உறக்கக் கடவுளின் பெயரோடு இணைப்பதும் சரியன்று. அப்பெயருக்கு மூலமான மார்ஃபியஸ், ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் காவியத்தில் கனவுகளுக்கு உருவம் கொடுப்பவன், உறக்கத்தின் மகன்.

'ஹீரோயின்' என்னும் நாயகியின் கடைசி எழுத்தை நீக்கி ஹெராயினைக் கொண்டுவருவது தேய்ந்துபோன தந்திரம். 1898-இல் ஜெர்மனியின் பேயர் மருந்து நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது என்னும் செய்தியே இதைவிடச் சுவையான குறிப்புக்கு இடம்தரும். அடிமைப்பட்டவரை ஏளனம் செய்யும் வாசகத்தை மட்டும் எக்காரணத்தாலும் எழுதக் கூடாது. அக்கட்டத்தை நிரப்புகிறவரின் வீட்டிலேயே அத்தகைய துயரம் இருக்கலாம், அல்லது புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை நம்பியிருக்கும் ஒருவர் இருக்கலாம்.

கோடீனுக்குக் குறிப்பு எழுதுகிறவர், சங்கேதத்தைக் குறிக்கும் 'கோட்', அதன்பின் 'இன்', கிழக்கைக் குறிக்கும் 'ஈஸ்ட்' என்பதன் சுருக்கமான 'ஈ' என்று சொல்லை அடுக்கிவிட்டு, பொருளுக்கு 'வலிநிவாரணி' என்பதற்குப் பதிலாக 'இருமல் மருந்து' என்று வைத்துப் பார்க்கட்டும். கோடீன் இருமலையும் அடக்கும்; ஆஸ்பிரின் அடக்காது.