எல்லா விதையையும் ஒரே நாளில் போடாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் மேலூர்ப் பக்கம் விதை பற்றிய பேச்சுதான். கொல்லையில் இரண்டு சென்ட் இடம் இருந்தால்கூட கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, சுரை, கீரை என்று கலந்து போட்டு வீட்டுச் செலவுக்குக் காய் எடுத்துவிடலாம். ஆனால் பலரும் பத்து வகை விதையை வாங்கி வந்து ஒரே நாளில், ஒரே ஆழத்தில் ஊன்றி, ஒரே மாதிரி தண்ணீர் விடுகிறார்கள். பாதிதான் முளைக்கிறது. உடனே விதை சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

விதை நல்லதா என்பதை ஊன்றுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். வெண்டை நாலைந்து நாளில் முளை காட்டும். மிளகாய்க்குப் பத்து நாள்கூட ஆகும். ஏழெட்டு முளைத்தால் நம்பி விதைக்கலாம். பாதிக்கும் கீழே போனால் அந்தப் பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

அடுத்து, எதை நாற்று விடுவது, எதை நேரே ஊன்றுவது என்ற குழப்பம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்றங்காலில் வளர்ந்து, 25 முதல் 40 நாளில் இடம் மாறுபவை. தக்காளி முந்தும், மிளகாய் பிந்தும். முள்ளங்கியையும் கேரட்டையும் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணிக்கொள்ளும். நேரே விதைப்பதுதான் சரி. வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, அவரைக்கும் அதே முறைதான். பாகல், புடல் விதைக்குத் தோல் கெட்டி, ராத்திரி முழுக்க ஊறட்டும். அதே பழக்கத்தில் அவரையையும் தட்டைப்பயறையும் மணிக்கணக்கில் ஊறப்போட்டால் பருப்பு பிளந்து அழுகிவிடும். ஈரமான மண்ணில் அப்படியே ஊன்றினால் போதும். கொத்தமல்லியை முழுசாகப் போடாமல் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். ரோஸ் நிறம் பூசிய விதை மருந்து கலந்தது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கீரையில்தான் எனக்கு அதிக நஷ்டம். முதல் வருஷம் தண்டுக்கீரை விதையைக் கையால் அள்ளித் தூவி, மேலே ஒரு விரல்கடை மண் போட்டு மூடினேன். கடுகிலும் சின்ன விதை அது. அவ்வளவு மண்ணைத் தள்ளிக்கொண்டு வர அதற்கு ஏது பலம்? மறுவருஷம் மூடாமல் விட்டேன். காலையில் பாத்தி ஓரமாக எறும்புச் சாரை. ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக மினுக்கும் ஒரு விதை. மதியத்துக்குள் பாத்தியே காலி. இப்போது ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவி, கைவிரலால் மெல்லக் கீறிவிடுகிறேன். பாத்தியைச் சுற்றி அரிசி நொய் போட்டுவிட்டால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், விதை தப்பிக்கும். தண்ணீரைப் பூவாளியில்தான் ஊற்ற வேண்டும். குழாயைத் திருப்பிவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண்ணில் தண்ணீர் பாய்ந்து காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும், முளை அதை முட்டிச் சுருண்டுவிடும். ஆடிக்காற்று வேறு மேல்மண்ணை ஒரு பகலில் உலர்த்திவிடும். விதைத்த இடத்தில் மெலிசாக வைக்கோல் பரப்பி, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நின்று விதை ஊறிக் கெடும். அங்கே மேட்டுப்பாத்தி வேண்டும். நாற்றங்காலிலும் ஈரம் அதிகமானால் நாற்றழுகல் வந்து தண்டு அடியில் நைந்து சாயும். அதைத் தடுக்க விதையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைப் புரட்டுவார்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை புரட்டிக்கொண்டால் போதும்.

பச்சைச் சாணத்தை அள்ளிப் போடுவதை விட்டுவிடுங்கள். அது வேர்ப்புழுவைத்தான் கூப்பிடும். நன்றாக மக்கி, கையில் எடுத்தால் மண்வாசம் அடிக்கும் தொழுவுரம்தான் உரம்.

பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறினால் உழைப்பே வீண். கொடி அவரைக்குப் பகல் குறைந்தால்தான் பூ. ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி மட்டும் பந்தலை மூடும். வருஷம் முழுக்க வேண்டுமென்றால் செடி அவரை வாங்குங்கள்.

பந்தலை எங்கே போடுவது என்பதையும் முன்னாலேயே யோசிக்க வேண்டும். ஆவணிக்குப் பிறகு நம் ஊர் வெயில் தெற்கே சாய்ந்துதான் விழுகிறது. தெற்கு ஓரத்தில் பீர்க்கையை ஏற்றினால் பின்னால் நிற்கும் கத்தரியும் மிளகாயும் நிழலில் நெட்டையாகப் போய்விடும், பூ நிற்காது. பந்தல் வடக்கே இருக்கட்டும்.

முளைத்ததில் பாதியைப் பிடுங்க மனசு வராது, எனக்கும் வராது. ஆனாலும் சுரைக்குழியில் இரண்டு நாற்றுக்கு மேல் விடாதீர்கள். முள்ளங்கிக்கு இடையில் 10 சென்டிமீட்டர் வேண்டும். கலைத்த கீரை அன்றைக்கே பொரியலாகிவிடும்.

போன புரட்டாசியில் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். "சொரக்கொடி பூவாத்தான் பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்கல. பிடுங்கிப் போட்ருவமாக்கா?" போய்ப் பார்த்தால் அத்தனையும் ஆண் பூ. சுரையில் அதுதான் முதலில் வரும். அடியில் குட்டிக் காய் மாதிரி உருண்டை இருந்தால் அது பெண் பூ. பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். சுரைப்பூ மலர்வது பொழுது சாயும்போது. பகலில் வரும் தேனீ அப்போது இருக்காது. அதனால் பெண் பூ வந்ததும் ஒரு சாயங்காலம் போய், ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிக் காட்டினேன். நாலாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிராமல் காம்பு தடித்து நின்றது.